பன்னிரண்டு மார்க் வாங்கிய சூரியன்

வெயில் சுட்டுத் தோல் உரிவது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் வருகிற வியாதி என்று ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தேன். லங்காவிக் கடற்கரையில் சிவந்துபோய்க் குப்புறப் படுத்திருக்கும் சுற்றுப்பயணிகளைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போகிற ஆள் நான். கெடாவில் பிறந்து, பால்மரத் தோட்டத்தில் வளர்ந்து, இந்த நிறத்தில் இருக்கிறவனை வெயில் என்ன செய்துவிடும்? தலையில் முடி இருந்தவரைக்கும் ஒன்றும் செய்யவில்லைதான்.

முடி போன இடம் வெயிலுக்குப் புதுசு. பிறந்ததிலிருந்து நிழலில் வளர்ந்த தோல் அது. அதைக் கொண்டுவந்து வெட்டவெளியில் நிறுத்தினால் தாங்காது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். முடி போய்விட்டது என்பதையே அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பந்தாய் மெர்டேக்காவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். எதிர்க்கரையில் தஞ்சோங் டாவாய்; நடுவே மெர்போக் ஆறு கடலில் கலக்கிற இடம். வானம் மூட்டமாக இருந்தது. காற்று சிலுசிலுவென்று அடித்தது. ‘இன்னைக்கு வெயிலே இல்ல’ என்று அறிவித்துவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது வேறு விஷயம்.

கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவனுக்கு வெளியே இருப்பது தலை ஒன்றுதான். அன்று ராத்திரி அதைத் தலையணையில் வைக்க முடியவில்லை. உச்சியில் வட்டமாகக் கன்றிப்போயிருந்தது. மனைவி கொல்லையில் கற்றாழையை வெட்டிவந்து தடவினாள். சில நாளில் பொருக்குப் பொருக்காக உரிந்து சட்டைக் காலரில் விழ ஆரம்பித்தது. வேலையிடத்தில் ஒருத்தர் அக்கறையாகத் தனியே கூப்பிட்டு, பொடுகுக்கு நல்ல ஷாம்பு ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் நான் முன்யோசனை இல்லாதவன் இல்லை. கிளம்பும்போதே கைப்பேசியில் வானிலை பார்த்தேன். மழை, காற்று, ஈரப்பதம் எல்லாவற்றுக்கும் கீழே ‘யூவி இண்டெக்ஸ் 12’ என்று போட்டிருந்தது. நூற்றுக்குப் பன்னிரண்டு. பாவம், சூரியன் இன்றைக்குப் பெயில் என்று முடிவுகட்டித்தான் தொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இந்த மார்க்கை நூற்றுக்குப் போடுவதில்லை என்பதைத் தோல் உரிந்த பிறகுதான் படித்தேன். 1992இல் கனடாவில் ஆரம்பித்த கணக்கு இது. பிறகு உலகச் சுகாதார நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்து எல்லா நாட்டுக்கும் பொது அளவாக்கி, 2002இல் கையேடும் போட்டன. 2 வரைக்கும் பயமில்லை. 3 முதல் 5 நடுத்தரம். 6, 7 அதிகம். 8 முதல் 10 மிக அதிகம். 11ஐத் தொட்டுவிட்டால் ‘எக்ஸ்ட்ரீம்’. அதற்கு மேல் தனிப் பெயர் கிடையாது. வகுப்பிலேயே முதலாவதாக வந்த பிள்ளைக்கு நான் பெயில் போட்டிருக்கிறேன்.

நம் ஊரில் 11, 12 என்பது விசேஷமே இல்லை. சுங்கைப்பட்டாணி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்தரை பாகை சொச்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு தடவை, செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு தடவை, சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிற்கும். மற்ற மாதங்களிலும் ரொம்பத் தூரம் விலகிப் போகாது. போதாக்குறைக்கு, இந்த யூவி என்கிற புற ஊதாக் கதிரை வடிகட்டுகிற ஓசோன் படலமும் பூமத்திய ரேகைப் பக்கம் இயல்பாகவே மெலிசு. மேலே ஓசோன் மெலிசு, கீழே முடி மெலிசு. நடுவில் நான் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

மூட்டத்தை நம்பினேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய மேகமாக இருந்தால் புற ஊதாக் கதிரில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் அதைத் தாண்டி வந்துவிடும். துண்டுதுண்டாக வெள்ளை மேகம் நிற்கிற நாளில், மேகத்தின் ஓரத்தில் பட்டுத் திரும்புகிற கதிரும் சேர்ந்துகொண்டு, சில நிமிஷம் மேகமில்லாத நாளைவிட அதிகமாகவே இறங்குவதும் உண்டு. உடம்புக்கு உறைக்கிற சூடு வேறு, தோலைச் சுடுகிற கதிர் வேறு. சூட்டைக் காற்றும் தண்ணீரும் தணித்துவிடும். கதிரை நாம் உணரவே மாட்டோம். ‘என்னா குளுகுளுன்னு இருக்கு’ என்று நான் சொன்ன நேரத்தில்தான் தலை வெந்துகொண்டிருந்தது.

நிறத்தின் மேல் எனக்கிருந்த நம்பிக்கைக்கும் ஆதாரம் தேடினேன். 1975இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், வெயிலில் கருகும் விதத்தை வைத்துத் தோலை வகை பிரித்தார். முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் நாலு வகை. பழுப்பும் கறுப்பும் பிற்பாடுதான் ஐந்தாவது, ஆறாவதாகச் சேர்ந்தன. நானும் ஹார்வர்டில் படித்தவன்தான். பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில்.

அந்தப் பட்டியலில் என் வகைக்கு நேராக ‘அபூர்வமாகக் கருகும்’ என்று போட்டிருக்கிறது. மெலனின் நிஜமாகவே பாதுகாப்புத் தரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அபூர்வம் என்றால் யாருக்காவது நடந்தே தீரும் என்றுதானே பொருள். லாட்டரியில் ஒரு தடவைகூட என்னைக் கண்டுகொள்ளாத அபூர்வம், இதில் மட்டும் சரியாக என் வீட்டைத் தேடி வந்துவிட்டது.

இப்படி ஒரு அடி பட்டால் அறிவுள்ளவன் தொப்பி வாங்குவான். நான் மீட்டர் வாங்கினேன்.

முதலில் வாங்கியது பாசி வளையல். வெள்ளைப் பாசி, புற ஊதாக் கதிர் பட்டால் ஊதா நிறமாகும். வாசலில் நின்று கையை நீட்டினேன். மாறியது. மத்தியானம் நீட்டினேன். மாறியது. சாயங்காலம் கொடியில் துணி எடுக்கப் போனபோதும் மாறியது. வெயில் கொஞ்சமா, கொடுமையா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. இருக்கிறது என்று மட்டும் சொல்லும். ‘அதுக்கு சன்னல் வழியா எட்டிப் பார்த்தா போதுமேப்பா’ என்றாள் மகள். வளையல் இப்போது அவள் கையில் அழகாக இருக்கிறது.

அடுத்தது எலெக்ட்ரானிக் மீட்டர். ஆன்லைனில் வாங்கியது. கடைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் பெட்டிக்குள் போட்டு அனுப்பிய விளக்கத்தாளைப் படிக்காமல் தூக்கிப் போட்டது நான். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் சின்ன வெள்ளைக் கண், மறுபக்கம் கிளிப். அதை எடுத்துக்கொண்டு தூப்பா நீர்வீழ்ச்சிக்குப் போனோம். ஜெராய் மலையிலிருந்து பாறை பாறையாக இறங்கி வருகிற தண்ணீர். காலை வைத்தால் பல் கிட்டித்துவிடும். மீட்டரைச் சட்டைப்பையில் மாட்டிக்கொண்டு அடிக்கொரு தரம் எடுத்துப் பார்த்தேன். பூஜ்யம். உச்சி வெயிலிலும் பூஜ்யம். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றை நெருங்கிவிட்ட நேரத்தில் மகன் வந்து, ‘ப்பா, கண்ணு உள்பக்கமா இருக்குலா’ என்றான். அதுவரைக்கும் நான் அளந்துகொண்டிருந்தது என் நெஞ்சை.

திருப்பி மாட்டினேன். நின்றால் 3 காட்டியது. பாறைமேல் மல்லாந்தால் 11. பக்கவாட்டில் சாய்ந்தால் 6. மீட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அதன் கண் வானத்தை நேராகப் பார்த்தபடி படுக்கையாக இருந்தால்தான் இண்டெக்ஸ் கணக்கு சரியாக வருமாம். உச்சிச் சூரியனுக்கு நிற்கிறவனுடைய நெஞ்சு சுவர். சரிந்துதான் கதிர் படும். உச்சந்தலை, தோள், மூக்கு, பாதத்தின் மேல்புறம் இவைதான் தளம்; முழுசாக வாங்கும். ஆக, மீட்டர் சொன்ன மூன்று விடையும் சரி. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் சந்தேகம், இந்த மனுஷன் ஏன் பாறைமேல் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறார் என்று.

தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறவர்கள் என் கட்சி. அரை மீட்டர் ஆழத்திலும் மேலே விழுகிற கதிரில் நாற்பது விழுக்காடு இருக்கும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் கையேடு. கரையில் உலர்ந்த மணல் பதினைந்து விழுக்காட்டைத் திருப்பி அடிக்கும். கடல் நுரை இருபத்தைந்தை. தண்ணீருக்குள்ளும் நாமே சோதித்துவிடலாம் என்று மீட்டரை முழங்கை ஆழத்துக்கு இறக்கினேன். 4 என்று காட்டியது. பிறகு 88 என்று காட்டியது. பிறகு எதையுமே காட்டவில்லை.

வீட்டுக்கு வந்து அதை அரிசி டின்னுக்குள் புதைத்துவைத்தேன். ஈரம் இழுத்துவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். அத்தை வந்து மத்தியானச் சோற்றுக்கு அரிசி அளந்தார். மீட்டர் களைகிற தண்ணீரோடு இன்னொரு முழுக்குப் போட்டது. ‘மாப்ளை, இது என்னா பூச்சி மருந்தா?’ என்று மட்டும் கேட்டார்.

விஞ்ஞானிகள் இதை எப்படித்தான் அளக்கிறார்கள் என்று பொறாமையோடு தேடினேன். 1976இல் டேவிஸ், டீன், டிஃபி என்ற மூன்று பேர் ‘நேச்சர்’ இதழில் ஒரு வழி சொன்னார்கள். பாலிசல்ஃபோன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் பிலிம். வெயில் பட்டால் அதற்குள் மாற்றம் நடக்கும். 330 நானோமீட்டர் ஒளி எவ்வளவு தூரம் அதில் அடங்குகிறது என்று பிறகு ஆய்வுக்கூடத்தில் பார்த்தால், வாங்கிய கதிரின் மொத்தக் கணக்கு வந்துவிடும். தோளில், தொப்பியில், மணிக்கட்டில் சின்ன வில்லையாகக் குத்திக்கொண்டு ஆட்கள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கலாம். தண்ணீருக்குள் நாள்கணக்கில் அளப்பதற்கென்று, ஆஸ்திரேலியாவில் டூவூம்பா நகரத்து ஆய்வாளர்கள் பி.பி.ஓ. என்ற வேறொரு பிலிமைப் பயன்படுத்தினார்கள். அது சீக்கிரம் நிரம்பிவிடாது. அரிசி டின்னுக்குள்ளும் போக வேண்டியதில்லை.

பிலிம் கிடைக்காவிட்டால் என்ன, தோலே பிலிம்தானே? முழங்கையில் வரிசையாகப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். மணிக்கு ஒன்றாக உரித்துக்கொண்டே வந்தால், சாயங்காலம் கையில் ஒரு வண்ண அட்டவணை கிடைக்கும் என்பது திட்டம். தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் எல்லாமே மிதந்து போய்விட்டன. கீழ்ப்பாறையில் குளித்துக்கொண்டிருந்த குடும்பம் ஒன்று, தங்களை நோக்கி மிதந்து வந்த பிளாஸ்திரிகளைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை அவசரமாகக் கரையேற்றியது.

கருவி போனால் போகட்டும், கணக்கு இருக்கிறதே. இண்டெக்ஸின் ஒரு புள்ளிக்கு, சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட். தோலைச் சிவக்கவைக்கும் திறனை வைத்து எடைபோட்ட கதிர் அது. 12 புள்ளி என்றால் 0.3 வாட். தோல் வாங்கும் கதிருக்குச் சதுர மீட்டருக்கு 100 ஜூல் என்பதை ஒரு ‘டோஸ்’ என்று வைத்திருக்கிறார்கள். நூறை 0.3ஆல் வகுத்தேன். 333. ஐந்தரை மணி நேரத்துக்கு ஒரே ஒரு டோஸ்! கூலிம் பக்கத்துச் செடிம் ஆற்றங்கரையில் பாறைமேல் ஏறி நின்று, ‘பயப்படாதீங்க, சாயங்காலம் வரைக்கும் குளிக்கலாம்’ என்று அறிவித்தேன். குடும்பத்தில் எனக்குக் கைதட்டல் விழுந்த நாள் அது.

வாட் என்றால் விநாடிக்கு ஒரு ஜூல். அதனால் விடை 333 நிமிஷம் இல்லை, 333 விநாடி. ஐந்தரை நிமிஷத்துக்கு ஒரு டோஸ். மணிக்குக் கிட்டத்தட்ட 11. வெள்ளைத் தோல் சிவக்க இரண்டு மூன்று டோஸ் போதும். நம் தோலுக்கு அதில் சில மடங்கு வேண்டும். ஆனால் நாங்கள்தான் மத்தியானம் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்தோமே. பிசகைக் கண்டுபிடித்தது மச்சான் மகன். இன்னும் இடைநிலைப்பள்ளியில்தான் படிக்கிறான். நான் சம்பளம் வாங்குவது கணக்கெழுதும் வேலைக்கு.

நேரத்திலாவது சாமர்த்தியம் காட்டலாம் என்று பார்த்தேன். காலை பத்திலிருந்து இரண்டு வரைக்கும் வெயில் கடுமை என்று எல்லாரும் சொல்கிறார்கள். உச்சி என்றால் பன்னிரண்டு. அதற்குப் பிறகு இறங்குமுகம். எனவே நாசி லெமாக் பொட்டலத்தைப் பன்னிரண்டுக்குப் பிரித்து, சாவகாசமாகச் சாப்பிட்டு, ஒரு மணிக்கு மேல் தண்ணீரில் இறங்குவது என்று அட்டவணை போட்டேன். கெடாவில் சூரியன் உச்சிக்கு வருவதே ஒரு மணிக்கு மேல்தான் என்பது அட்டவணையில் இல்லை.

இதற்குக் காரணம் நம் கடிகாரம். கெடா கிழக்கே நூறு பாகை சொச்சத்தில் இருக்கிறது. கடிகாரமோ நூற்றிருபது பாகைக்கு ஓடுகிறது. பாகைக்கு நாலு நிமிஷம் வித்தியாசம். 1982 சனவரி முதல் தேதி, சபா சரவாக்கோடு ஒரே நேரம் வரட்டும் என்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அப்போது பிரதமர் மகாதீர், நம் அலோர் ஸ்டார்க்காரர். அரசாங்க உத்தரவுக்கு நாடே கடிகாரத்தைத் திருப்பியது. சூரியன் மட்டும் பழைய நேரத்துக்கே வந்துகொண்டிருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் உச்சி ஒரு மணிவாக்கில், பிப்ரவரியில் ஒன்றரை. நான் குடும்பத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மிகச் சரியாக உச்சியில் இறக்கியிருக்கிறேன்.

அடுத்து சன்ஸ்கிரீன். வீட்டில் ஒரு டியூப் இருந்தது. யார் வாங்கியது, எப்போது வாங்கியது என்று ஒருவருக்கும் நினைவில்லை. எஸ்.பி.எஃப். 50 என்பதைச் சோதிக்கும்போது, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசிப் பார்க்கிறார்கள். வளர்ந்த ஆள் ஒருவர் உடம்பு முழுக்க அந்தக் கணக்கில் பூச முப்பது மில்லிக்கு மேல் வேண்டும். நாங்கள் ஒரு டியூபை வைத்துக்கொண்டு பல பள்ளி விடுமுறைகளை ஓட்டியவர்கள். மூக்கில் ஒரு பொட்டு, கன்னத்துக்கு ஒரு பொட்டு. கடைசி ஆளுக்கு வாசனை மட்டும்.

வெட்கப்பட்டுப் புது டியூப் வாங்கி, கணக்குப்படி பூசினேன். துத்தநாக ஆக்சைடு கலந்தது. வெள்ளைத் தோலில் தெரியாதாம். என் தோலில் தெரிந்தது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கக் கிளம்பினவன் மாதிரி உடம்பெல்லாம் வெள்ளையோடு ஆற்றுக்குள் நின்றேன். வழியில் போன ஒரு பெரியவர், ‘எந்தக் கோயில் தம்பி?’ என்று கேட்டார். ‘தண்ணீரில் நிற்கும்’ என்று டியூபில் போட்டிருந்ததையும் நம்பினேன். அதற்கு நாற்பது நிமிஷம் அல்லது எண்பது நிமிஷம்தான் கணக்கு. துண்டால் துடைத்தால் மறுபடி பூச வேண்டும். நான் துடைத்த துண்டுக்குத்தான் அன்று முழுப் பாதுகாப்பு.

சட்டை? அதுவும் சொல்கிறேன். திருவிழாவில் இலவசமாகக் கொடுத்த வெள்ளை டீசர்ட்டைப் போட்டுக்கொண்டு குளித்தேன். துணிக்கும் யூ.பி.எஃப். என்று ஓர் அளவு இருக்கிறது. மெல்லிய வெள்ளைப் பருத்தி உலர்ந்திருந்தால் சுமார் 7, நனைந்துவிட்டால் 3. மூன்றில் ஒரு பங்கு கதிர் உள்ளே வந்துவிடும். அதே ஆற்றில் நீளக்கைச் சட்டை, முழுநீள உடை, தலையில் துடோங் என்று முழு உடையோடு உட்கார்ந்து குளிக்கிற மலாய்ப் பாட்டிமார்களைப் பார்த்து, இப்படி ஒரு குளியலா என்று உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக்குப் போய்க் கற்றாழை தேடுவதில்லை.

என் பாட்டியும் அப்படித்தான். தாத்தாவின் பழைய முழுக்கைச் சட்டை, கைலி, தலையைச் சுற்றித் துண்டு, அதன்மேல் நெற்றி விளக்கு. விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய், இருட்டிலேயே நிரையில் நுழைந்து மரம் வெட்ட ஆரம்பித்துவிடும். குளிர்ச்சியாக இருக்கிற நேரத்தில்தான் பட்டைக்குள் அழுத்தம் இருக்கும், பால் நன்றாக ஓடும்; வெயில் ஏறிவிட்டால் குறைந்துவிடும். உச்சி வருவதற்குள் பாலை நிறுத்துப் போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பிவிடும். ‘எதுக்குப் பாட்டி இந்த வெக்கையில இவ்ளோ துணி?’ என்று கேட்டால், ‘கறுத்துருவேன்டா’ என்று சொல்லும். இதற்கு மேலா என்று சிரித்துவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கையில் கிடைத்த குச்சியைச் சீவிக்கொண்டிருப்பேன், சட்டையில்லாமல்.

கண்ணையும் விட்டுவைக்கவில்லை நான். நாள்பட்ட வெயிலில் கண்புரை சீக்கிரம் வரலாம், வெள்ளை விழியில் சதை வளரலாம் என்று படித்ததும், பாசார் மாலாமில் கன்னங்கரேலென்று ஒரு கண்ணாடி வாங்கினேன். கறுப்புக்கும் புற ஊதாவைத் தடுப்பதற்கும் சம்பந்தமில்லை. தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்பாப்பா இன்னும் அகலமாகத் திறந்துகொள்ளும், கதிருக்கு வசதி. நல்லவேளை, செடிம் ஆறு அதை முதல் இழுப்பிலேயே வாங்கிக்கொண்டது. இப்போது அது ஏதோ ஒரு கூலிம் மீனின் கண்ணுக்குக் கெடுதல் செய்துகொண்டிருக்கும்.

ஒரு காசு செலவில்லாத மீட்டர் இருப்பது கடைசியில்தான் தெரிந்தது. நிழல். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை, ஒதுங்குங்கள். அவ்வளவுதான் விதி. நம் ஊர்க் கடிகாரத்துக்குச் சுமார் பத்தேகாலிலிருந்து சாயங்காலம் நாலேகால் வரைக்கும் அப்படித்தான் இருக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள் ஒன்றே கால் மணிக்கு மணலில் நின்று குனிந்து பார்த்தேன். நிழலே இல்லை. நிழலே இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்று தோன்றியது பாருங்கள், அதைத்தான் என் பிள்ளைகள் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டதால் குடும்ப வாட்ஸாப் குழுவில் இப்போது நான்தான் வெயில் நிபுணர். ‘நாலரைக்கு மேல போவோம்’ என்று முதல் ஆலோசனை சொன்னேன். யாரும் பதில் போடவில்லை. மச்சான்தான் தனியாகக் கூப்பிட்டார். மத்தியானத்துக்கு மேல் மலையில் மழை இறங்குகிற ஊர் இது. மேலே பெய்தது கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது. 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி ஜெராய் மலையிலிருந்து மரமும் பாறையுமாக இறங்கிய வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனதை யானிலும் மெர்போக்கிலும் யாரும் மறக்கவில்லை. ‘மச்சான், வெயில்ல கறுத்தா பரவால்ல’ என்றார். அதற்குமேல் பேசவில்லை. நிபுணர் அந்தச் செய்தியை அழித்துவிட்டார்.

மிச்சம் இருந்தது காலை நேரம். விடிவதே ஏழு மணிக்கு மேல். ஏழரைக்கெல்லாம் தூப்பாவில் இருக்க வேண்டும் என்று எல்லாரையும் அடித்து எழுப்பிக் காரில் ஏற்றினேன். போய்ச் சேர்ந்தபோது நீர்வீழ்ச்சியில் எங்களைத் தவிர யாருமில்லை. இண்டெக்ஸ் பூஜ்யம், இந்தத் தடவை நிஜமான பூஜ்யம். தண்ணீரில் விரலை வைத்த பிள்ளைகள் திரும்ப வந்து காருக்குள் உட்கார்ந்து ஹீட்டர் கேட்டார்கள். நம் நாட்டுக் காரில் அது ஏது? மனைவி துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, ‘என்னங்க, பேசாம வீட்டு பாத்ரூம்லயே குளிச்சிருக்கலாமே, அங்கேயும் யூவி வராதுல்ல?’ என்றாள். விஞ்ஞானப்படி அவள் சொன்னதில் பிசகே இல்லை.

நீங்களாக இருந்தால் இந்த இடத்தில் விட்டுவிடுவீர்கள். தொப்பி ஒன்று வாங்கியிருப்பீர்கள்; அகல விளிம்பு வைத்தது, பாசார் மாலாமிலேயே நல்லதாகக் கிடைக்கிறது. நானும் அதைத்தான் வாங்கப் போனேன். ஆனால் போன வாரம் ஆன்லைனில் இன்னொரு மீட்டர் கண்ணில் பட்டது. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்குமாம், தலையில் மாட்டிக்கொள்ள வார் வேறு தருகிறார்கள். வெள்ளிக்கிழமை வந்து சேரும் என்று செய்தி வந்திருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பார்சல் வரும்போது அத்தைதான் வாசலில் இருப்பார். அரிசி டின்னை மட்டும் இப்போதே மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டார்.